கேட்கவும் கூடாது, தடுக்கவும் கூடாது: உளசிகிச்சையாளர்களும் இணைய ரிவ்யூக்களும்

2023 ஜூன் மாதம் அமெரிக்கச் சுகாதாரத் துறை, நியூஜெர்சி மாநிலத்தில் இயங்கும் மானசா ஹெல்த் சென்டர் என்ற மனநல சிகிச்சை நிறுவனத்துடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. நிறுவனம் 30,000 டாலர் கட்ட வேண்டும். இரண்டு ஆண்டுகள் துறையின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அது செய்தது இவ்வளவுதான்: தன்னைக் குறைகூறி இணையத்தில் ஒருவர் எழுதிய ரிவ்யூவுக்குப் பதில் எழுதியது. அந்தப் பதிலில் அவருக்கு என்ன மனநலச் சிக்கல், அதற்கு என்ன சிகிச்சை என்பதெல்லாம் இருந்தது. விசாரணையில் இன்னும் மூன்று பேரின் விவரங்களும் இதே மாதிரி வெளியே விடப்பட்டிருந்தது தெரியவந்தது.

சாம்பாரில் உப்பில்லை என்று எழுதியவருக்கு ஓட்டல்காரர் சுடச்சுடப் பதில் கொடுத்தால் யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். உளசிகிச்சையாளர் அப்படிப் பதில் சொன்னால், வந்தவரை ஊரறியக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். ஆனால் இருவரையும் ஒரே வரைபடத்தில், ஒரே ஐந்து நட்சத்திர அளவுகோலில்தான் இணையம் வைத்திருக்கிறது. இதில் யார் எதைச் செய்யலாம்? சிகிச்சையாளர் ரிவ்யூ கேட்கலாமா? வந்ததற்குப் பதில் சொல்லலாமா? சிகிச்சைக்கு வந்தவர் எழுதலாமா, எழுதினால் அதை மற்றவர்கள் எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்தக் கேள்விகளுக்குத் தொழில்நெறி விதிகளும் சட்டங்களும் ஆய்வுகளும் இதுவரை சொன்ன பதில்களை ஒருசேரப் பார்க்கலாம்.

விதிகள் வந்த வழி

அமெரிக்க உளவியல் சங்கத்தின் 1981ஆம் ஆண்டு நெறிமுறை, நோயாளியின் நற்சான்றை விளம்பரத்தில் பயன்படுத்துவதை முற்றாகத் தடுத்தது. இதை எதிர்த்தது உளவியல் உலகம் அல்ல. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் கூட்டாட்சி வணிக ஆணையம். தொழில் சங்கங்கள் நெறி என்ற பெயரில் விளம்பரத்தை அடக்கினால் மக்களுக்குக் கிடைக்கும் தகவல் குறைகிறது, போட்டியும் குறைகிறது என்பது ஆணையத்தின் வாதம். 1992இல் சங்கம் ஆணையத்துடன் உடன்பட்டு ஒட்டுமொத்தத் தடையைக் கைவிட்டது. ஒரு விதிவிலக்கு மட்டும் மிஞ்சியது: இப்போது சிகிச்சையில் இருப்பவரிடம் நற்சான்று கேட்கக் கூடாது.

இன்றுள்ள நெறிமுறையின் 5.05ஆம் பிரிவு அதன் தொடர்ச்சி. சிகிச்சையில் இருப்பவர்களிடமோ, தங்கள் சூழ்நிலையால் எளிதில் வற்புறுத்தலுக்கு உள்ளாகக்கூடியவர்களிடமோ நற்சான்று கேட்கக் கூடாது என்கிறது அது. அமெரிக்க ஆலோசகர் சங்கம் 2014இல் வெளியிட்ட நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே போய், முன்னாள் வாடிக்கையாளர்களையும் பட்டியலில் சேர்த்தது. சமூகப் பணியாளர் சங்கத்தின் நெறிமுறையோ, ஒருவர் முன்பே சொன்ன நல்ல வார்த்தையை விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ள அனுமதி கேட்பதும் ‘கேட்பது’தான் என்று அந்த ஓட்டையையும் அடைத்தது.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போயிற்று. அங்கே பதிவுபெற்ற உளவியலாளர் உட்பட ஒழுங்குமுறைக்குட்பட்ட எந்தச் சுகாதாரத் தொழிலரும் விளம்பரத்தில் நற்சான்றைப் பயன்படுத்துவதைத் தேசியச் சட்டத்தின் 133ஆம் பிரிவு தடைசெய்கிறது, மீறினால் அபராதம். ஆனால் தொழிலரின் கட்டுப்பாட்டில் இல்லாத தளத்தில் ஒருவர் தானாக எழுதும் ரிவ்யூ விளம்பரம் ஆகாது. அதே ரிவ்யூவைத் தொழிலர் எடுத்துத் தன் பக்கத்தில் ஒட்டினால் அந்தக் கணமே விளம்பரமாகிவிடும்.

நாடுகள் வேறானாலும் இந்த விதிகள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் கோடு போடுகின்றன. எழுதுவது வந்தவரின் உரிமை. கேட்பதும் எடுத்துப் பயன்படுத்துவதும்தான் சிகிச்சையாளரின் பிழை.

கேட்பதில் என்ன தவறு?

“பிடித்திருந்தால் ஒரு ரிவ்யூ போடுங்கள்” என்பது எந்தக் கடையிலும் கேட்கும் வார்த்தை. சிகிச்சை அறையில் அது வேறு மாதிரி ஒலிக்கும். தூக்கம் கெட்டு, வேலை போய், வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததை முதன்முறையாக ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும் மனிதர், அந்த ஒருவர் கேட்டால் எப்படி மறுப்பார்? மறுத்தால் அடுத்த வாரம் முகம் மாறுமோ என்ற எண்ணம் வரும். சம்மதித்தால், தான் தேறிவிட்டதாக ஊருக்கு எழுதிக்கொடுத்த பிறகு, “இன்னும் சரியாகவில்லை” என்று சொல்லத் தயக்கம் வரும். எல்லோரையும் திருப்திப்படுத்தியே களைத்துப்போய் சிகிச்சைக்கு வந்தவருக்குத் திருப்திப்படுத்த இன்னொருவர் சேர்ந்துவிடுகிறார்.

சிகிச்சை முடிந்தபின் கேட்கலாமா என்பதில்தான் நெறிமுறைகள் பிரிகின்றன. கேட்கக் கூடாது என்பவர்களின் காரணம் வலுவானது. சிகிச்சை முடிந்தவர்களில் பலர் திரும்பி வருகிறார்கள். புதிய இழப்பு வரும்போது பழைய கதவைத்தான் தட்டுகிறார்கள். கடைசி செஷனோடு அந்த உறவின் ஏற்றத்தாழ்வு முடிந்துவிடுவதில்லை என்பதை அமெரிக்க உளவியல் சங்கமே வேறோர் இடத்தில் ஒப்புக்கொள்கிறது. முன்னாள் வாடிக்கையாளருடன் பாலுறவு, சிகிச்சை முடிந்து குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குக் கூடாது. அதன் பிறகும் மிக அரிதான சூழலில்தான் என்கிறது அதன் விதி. இரண்டும் ஒரே அளவு பிழைகள் அல்ல. ஆனாலும் ஓரிடத்தில் நீடிக்கும் செல்வாக்கு இன்னோரிடத்தில் சட்டென்று மறைந்துவிடுவதாகச் சொல்வது பொருந்தவில்லை.

இன்று கேட்பது பெரும்பாலும் வாயால் நடப்பதும் இல்லை. நேரம் பதிவுசெய்யும் மென்பொருள், செஷன் முடிந்த சில நிமிடங்களில் “உங்கள் அனுபவம் எப்படி?” என்று தானாகக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. அந்த வசதி இயங்குவதே சிகிச்சையாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். தளங்களும் ஒத்துப்போவதில்லை: ரிவ்யூ தளமான யெல்ப், ரிவ்யூ கேட்கவே கூடாது என்கிறது; கூகுளோ வாடிக்கையாளருக்கு நினைவூட்டச் சொல்லி ஊக்குவிக்கிறது. மென்பொருள் கேட்டாலும் கேட்டது சிகிச்சையாளர்தான். அந்த வசதியை அணைத்துவைப்பது அவர் கடமை.

பதிலில் இருக்கும் கண்ணி

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக வைத்துப் பார்க்கலாம். ஒருவர் எழுதுகிறார்: “ஆறு மாதம் போனேன். பணம்தான் போனது. பாதி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.” சிகிச்சையாளர் எழுதக்கூடிய முதல் பதில்: “ஆறு மாதத்தில் நீங்கள் வந்தது எட்டே முறை. கொடுத்த பயிற்சியையும் செய்யவில்லை.” இது வெளிப்படையான மீறல். இரண்டாவது பதில் பணிவானது: “உங்களுக்கு உதவ முடியாமல் போனதற்கு வருந்துகிறோம்.” இதுவும் மீறல்தான், அவர் இங்கே சிகிச்சைக்கு வந்தவர் என்பதை உறுதிசெய்துவிட்டது. “இவர் எங்களிடம் வந்ததே இல்லை” என்ற மூன்றாவது பதில் பொய் ரிவ்யூவுக்குச் சரியான மறுப்பாகத் தோன்றும். ஆனால் ஒருவரை மறுத்துவிட்டு இன்னொருவர் விஷயத்தில் வாய்மூடினால், அந்த மௌனமே அவரைக் காட்டிக்கொடுக்கும்.

எஞ்சியிருப்பது ஒன்றுதான்: “எங்களிடம் யார் வருகிறார், யார் வரவில்லை என்பதை நாங்கள் சொல்ல இயலாது. எங்கள் சேவையில் குறை உள்ள எவரும் அலுவலகத்தை நேரடியாக அணுகலாம்.” இதை எந்தக் குறிப்பிட்ட ரிவ்யூவுக்கும் கீழே போடாமல் பொது அறிவிப்பாக வைத்துவிடுவது இன்னும் பாதுகாப்பு.

அவரே தன்னை வெளிப்படுத்திக்கொண்டாரே, பிறகென்ன ரகசியம் என்று கேட்பவர்கள் உண்டு. ரகசியம் யாருடையது என்பதில்தான் விடை இருக்கிறது. உளசிகிச்சையாளரிடம் சொன்னதை நீதிமன்றத்தில் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996இல் ஜாஃபி எதிர் ரெட்மண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கும் உரிமை சிகிச்சை பெறுபவருக்கு உண்டு. தன் கதையில் ஒரு பக்கத்தை அவர் வெளியிட்டதால், மீதிப் பக்கங்களை வெளியிடும் உரிமை சிகிச்சையாளருக்கு வந்துவிடாது.

இந்தப் பாடம் எளிதில் ஏறவில்லை. புரோபப்ளிகா என்ற புலனாய்வு இதழியல் நிறுவனம் 2016இல் யெல்ப் தளத்தின் 17 லட்சம் மருத்துவ ரிவ்யூக்களை அலசியது. அந்தரங்கம் அல்லது அதற்கான சட்டம் பற்றிப் பேசும் ஒற்றை நட்சத்திர ரிவ்யூக்கள் 3,500க்கு மேல் இருந்தன. அவற்றில் பல இடங்களில் மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் ஆத்திரத்தில் நோயாளியின் விவரங்களைக் கொட்டியிருந்தார்கள்.

நட்சத்திரங்கள் எதைச் சொல்கின்றன?

இணைய ரிவ்யூவுக்கு முன்னோடி ஒன்று உண்டு. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 1994இல் தன் வாசகர்கள் 1,80,000 பேருக்கு ஒரு வினாத்தாள் அனுப்பியது. கார், வீட்டுச் சாதனங்களோடு மனநல உதவி பற்றியும் அதில் கேள்விகள் இருந்தன. ஏறத்தாழ 7,000 பேர் அந்தப் பகுதிக்குப் பதில் எழுதினார்கள். பெரும்பாலோர் சிகிச்சையால் தேறியதாகவும், நீண்ட சிகிச்சை கூடுதல் பலன் தந்ததாகவும் 1995 நவம்பரில் இதழ் அறிவித்தது. ஆய்வுக்கு ஆலோசனை சொன்ன உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் அதை உளவியல் உலகின் முன் வலுவாக ஆதரித்தார். விமர்சகர்கள் முதலில் கேட்டது: பதில் அனுப்பாதவர்கள் எங்கே? தேறியவர்கள்தான் எழுதினார்களா? சிகிச்சை இல்லாமலே தேறியிருப்பார்களா?

இணைய ரிவ்யூவில் அந்தக் கேள்வி பன்மடங்காகிறது. ஒருவரிடம் ஆண்டுக்கு நூறு பேர் வந்து, ஏழு பேர் எழுதினால், அந்த ஏழு பேர் யார்? மிகவும் நெகிழ்ந்தவர்களும் மிகவும் காயப்பட்டவர்களும்தான். அமைதியாக நன்மை பெற்றுப் போனவர், தான் அங்கே போனதையே யாருக்கும் சொல்லமாட்டார்.

எழுதப்படும் நேரமும் முக்கியம். சிகிச்சையாளர் மீது வரும் கோபம் பல வேளைகளில் அப்பா மீதோ கணவர் மீதோ இருந்த பழைய கோபத்தின் வடிவமாக இருக்கும். அதைக் கண்டு பேசுவதே சிகிச்சையின் ஒரு பகுதி. மறுபுறம், முதல் மாதத்தில் வரும் அளவற்ற பாராட்டையும் அனுபவமுள்ளவர்கள் எச்சரிக்கையோடுதான் பார்ப்பார்கள். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சையில் நடுவழியில் வேதனை கூடுவது இயல்பு. அந்த வாரத்தில் எழுதிய ரிவ்யூ ஒற்றை நட்சத்திரமாகத்தான் இருக்கும். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் உளவியலாளரின் நிலை இன்னும் சிக்கல். அவர் எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் தோற்ற தரப்பின் கோபம் ரிவ்யூவாக வந்து நிற்கும்.

இவை போதாதென்று, தளங்களும் நேர்மையாக இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் ஹெல்த்இன்ஜின் என்ற மருத்துவ முன்பதிவுத் தளம் சுமார் 17,000 ரிவ்யூக்களை வெளியிடாமல் விட்டது. சுமார் 3,000 ரிவ்யூக்களில் குறைகளை வெட்டிவிட்டு வெளியிட்டது. நோயாளிகளின் விவரங்களைக் காப்பீட்டுத் தரகர்களுக்குக் கொடுத்த குற்றமும் சேர்ந்து, 2020இல் நீதிமன்றம் 29 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

ஆனாலும் அவர் பேச வேண்டும்

இதையெல்லாம் அடுக்கிவிட்டு, ஆகவே ரிவ்யூவே கூடாது என்று முடித்துக்கொள்வது தொழிலுக்கு வசதி. அந்த வசதிக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

டோரா என்ற புனைபெயரில் பிராய்ட் எழுதிய இளம்பெண், பதினொரு வாரச் சிகிச்சைக்குப் பின் 1900 டிசம்பர் இறுதியில் இனி வரமாட்டேன் என்று எழுந்து போனாள். ஐந்தாண்டு கழித்து, 1905இல், பிராய்ட் அவளுடைய கனவுகளையும் குடும்ப ரகசியங்களையும் தன் கோணத்தில் எழுதி வெளியிட்டார். சிகிச்சையைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்று அவள் எழுதிய பக்கம் நம்மிடம் இல்லை. உளசிகிச்சையின் இலக்கியத்தில் பெரும்பகுதி இப்படித்தான்: சிகிச்சையாளர் எழுதுவார், சிகிச்சை பெற்றவர் எழுதப்படுவார். இணையம் அந்தத் திசையைத் திருப்பிவிட்டது. தொழிலுக்கு இது சங்கடமாக இருப்பதாலேயே அது தவறாகிவிடாது.

சிகிச்சை எல்லோருக்கும் நன்மையே செய்வதும் இல்லை. வந்தவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேர் வந்தபோது இருந்ததைவிட மோசமாகிறார்கள் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் மதிப்பு. அத்துமீறும் சிகிச்சையாளர்களும் இருக்கிறார்கள். மூடிய அறையில் இருவருக்கிடையே நடப்பதற்குச் சாட்சி கிடையாது. “அவர் என்னிடமும் இப்படித்தான் பேசினார்” என்று இன்னொருவர் எழுதியதைப் படித்த பிறகே, தவறு தன் மீதில்லை என்று ஒரு பெண்ணுக்குப் புரியலாம்.

அமெரிக்காவில் சில மருத்துவர்கள், ரிவ்யூ எழுதமாட்டேன் என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கினார்கள். 2016இல் வந்த நுகர்வோர் மதிப்புரை நியாயச் சட்டம் அத்தகைய வாய்ப்பூட்டு ஒப்பந்தங்களைச் செல்லாதாக்கியது. அது சரியான முடிவு. உதவி கேட்டு வந்தவரிடம் மௌனத்தைக் கட்டணமாகக் கேட்பதற்கு எந்த நெறியிலும் இடமில்லை.

இந்தியாவில்

இங்கே நிலைமை இரட்டிப்புச் சிக்கல். மனநல மருத்துவர்கள் பழைய இந்திய மருத்துவக் கழகம் வகுத்த ஒழுங்குமுறைக்கு உட்பட்டவர்கள். நேரடியாகவோ மறைமுகமாகவோ நோயாளிகளைத் தேடிப் பிடிப்பது நெறியல்ல என்கிறது 2002ஆம் ஆண்டு விதி. அந்தக் கழகத்தின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் கொண்டுவந்த புதிய விதிகள், சமூக ஊடகத்தில் நோயாளியின் நற்சான்றோ ரிவ்யூவோ கேட்பதையும் பகிர்வதையும் பெயர் சொல்லியே தடுத்தன. ஆனால் அந்த விதித்தொகுப்பு முழுவதும் அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதமே நிறுத்திவைக்கப்பட்டது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுசெய்ய வேண்டும். கவுன்சலிங் தருபவர்களில் பெரும்பாலோர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. உளவியலாளர்களையும் உள்ளடக்கிய துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டம் 2021இல் வந்தும், நடைமுறை மெதுவாகவே நகர்கிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை விவரங்களைக் காக்கும் கடமையைத் தொழிலர்கள் மீது சுமத்துகிறது. மின்னணு வடிவில் உள்ள தகவலுக்கும் அது பொருந்தும் என்கிறது. ரிவ்யூவுக்குப் பதில் எழுதும் கிளினிக்குகள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எழுதுபவருக்கும் ஆபத்து உண்டு. கூகுளில் ரிவ்யூ போட்டவர் பெயரைத் தொட்டால், அவர் எழுதிய மற்ற ரிவ்யூக்களும் பெரும்பாலும் வரிசையாக வரும்: அடுக்ககத்துக்குப் பக்கத்து மளிகைக்கடை, பிள்ளையின் பள்ளி, தங்கை கல்யாணம் நடந்த மண்டபம். சேலத்திலோ நாகர்கோவிலிலோ இந்த மூன்றும் தெரிந்தால் ஆள் யாரென்று தெரு சொல்லிவிடும். பெண் பார்க்க வரும் குடும்பமும், வேலைக்கு எடுக்கும் நிறுவனமும் தேடிப் பார்க்கும் காலத்தில் ‘டிப்ரஷனிலிருந்து என்னை மீட்டவர்’ என்ற நன்றி வரிக்கு எழுதியவர் விலை கொடுக்க நேரலாம். நல்ல ரிவ்யூவையும் கேட்கக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

முதலில் செய்யக்கூடியது எளிது. சான்பிரான்சிஸ்கோ உளவியலாளர் கீலி கோல்ம்ஸ் 2010இல் தன் தொழிலுக்கென ஒரு சமூக ஊடகக் கொள்கையை எழுதி வெளியிட்டார். அது பலரும் பின்பற்றும் மாதிரியானது. முதல் நாளே தரும் படிவத்தில் சில வரிகள் போதும்: நான் ரிவ்யூ கேட்கமாட்டேன், எழுதுவது உங்கள் உரிமை, எழுதினால் உங்கள் அந்தரங்கத்துக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள், நான் பதில் எழுதமாட்டேன், குறை இருந்தால் இங்கேயே சொல்லலாம், வெளியே புகார் செய்ய வேண்டிய இடம் இது.

அடுத்தது, ரிவ்யூவில் வெடிக்கும் அதிருப்தியை அறைக்குள்ளேயே கேட்பது. சிகிச்சையாளருக்கும் வருபவருக்கும் இடையிலான உறவு, பலனோடு நெருங்கிய தொடர்புடையது என்பதை 2018இல் 295 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வு மீண்டும் காட்டியது. ஸ்காட் மில்லர், பாரி டங்கன் போன்ற உளவியலாளர்கள் பரப்பிய முறையில், ஒவ்வொரு செஷன் முடிவிலும் நான்கே கேள்விகள்: நான் சொன்னதை அவர் கேட்டாரா, நான் பேச விரும்பியதைப் பேசினோமா, அணுகுமுறை எனக்குப் பொருந்தியதா, மொத்தத்தில் இன்று எப்படி. இதுவும் ரிவ்யூதான். படிப்பவர், அதை வைத்து அடுத்த வாரமே தன்னைத் திருத்திக்கொள்ளக்கூடிய ஆள்.

ஆனால் புதிதாக ஆள் தேடுபவருக்கு இந்த இரண்டும் உதவாது. இங்கிலாந்தில் 2008இல் தொடங்கிய பொதுச் சுகாதாரத் துறையின் பேச்சுச் சிகிச்சைத் திட்டம் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. மனச்சோர்வுக்கு ஒன்பது, பதற்றத்துக்கு ஏழு கேள்விகளை ஒவ்வொரு முறையும் கேட்டு, எத்தனை பேர் தேறினார்கள் என்று ஒவ்வொரு மையத்துக்கும் கணக்கு வெளியிடுகிறார்கள். எண்ணை எட்டுவதற்காக வேலை செய்யும் அபாயம் அதிலும் உண்டு. தனி மனிதரின் கதை அதில் வராது. ஆனாலும் எழுதத் துணிந்த ஏழு பேரை மட்டுமல்ல, சிகிச்சையை முடித்த ஏறக்குறைய எல்லோரையும் அது கணக்கில் எடுக்கிறது. யாருடைய பெயரையும் வெளியிடுவதில்லை.

ரிவ்யூவில் நம்பகம் இல்லை, அந்தரங்கம் கெடுகிறது என்று சொல்லும் தொழிலுக்கு ஒரு கடன் இருக்கிறது. யார் தகுதி பெற்றவர் என்று எவரும் பார்த்துக்கொள்ளக்கூடிய பதிவேடு, அத்துமீறினால் போய்ச் சொல்ல ஓர் இடம், அங்கே சொன்னவருக்குக் குறித்த காலத்தில் பதில். இவை இல்லாதவரை, கோபத்தில் ஒருவர் எழுதிவைத்த நான்கு வரியைக் குறைசொல்லும் தகுதி அந்தத் தொழிலுக்கு வராது.